மயக்க ஊசி போடப்போவது டாக்டரா, நர்ஸா? அமெரிக்கப் பயமும் திருவண்ணாமலைக் கணக்கும்

முதுநிலை நீட் கலந்தாய்வு நெருங்கும்போது ஹவுஸ் சர்ஜன்கள் மத்தியில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. 'அனஸ்தீசியா எடுக்கலாமா, வேண்டாமா?' வேண்டாம் என்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் பழையவை: நோயாளிக்கு நம் பெயர்கூடத் தெரியாது, சர்ஜன் கூப்பிட்டால்தான் வேலை, ராத்திரி தூக்கம் போச்சு. சமூக வலைதளங்கள் வந்த பிறகு இந்தப் பட்டியலில் இன்னொன்று சேர்ந்திருக்கிறது. "அமெரிக்காவுல நர்ஸே மயக்க மருந்து கொடுக்கறாங்க. அது இங்கயும் வந்துட்டா?"

இந்தப் பயத்தில் எவ்வளவு உண்மை? சென்னையின் பெரிய கார்ப்பரேட் மருத்துவமனையை வைத்துப் பார்த்தால் ஒரு பதில் கிடைக்கும். திருவண்ணாமலை போன்ற மாவட்டத்தை வைத்துப் பார்த்தால் வேறு பதில் கிடைக்கும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி இரண்டாவது வகை என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

மாவட்டத்துக்கு எத்தனை பேர் வேண்டும்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை மாவட்டத்தில் 24.65 லட்சம் பேர். ஐந்தில் நான்கு பேர் கிராமவாசிகள். திருவண்ணாமலை நகரில் ஆண்டுக்கு 100 எம்.பி.பி.எஸ். மாணவர்களைச் சேர்க்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனை என்ற அந்தஸ்து, மாவட்டத்தின் இன்னொரு கோடியில் இருக்கும் செய்யாறுக்கு. ஆரணி, வந்தவாசி, போளூர், செங்கம் ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகள். மேற்கே ஜவ்வாது மலை. அங்கே ஜமுனாமரத்தூரில் இருந்து ஒரு கர்ப்பிணியைக் கீழே இறக்கிக் கொண்டுவருவதற்கே நேரம் பிடிக்கும்.

உலக மயக்கவியல் சங்கங்களின் கூட்டமைப்பு வைத்திருக்கும் குறைந்தபட்ச இலக்கு, ஒரு லட்சம் பேருக்கு 5 மயக்கவியல் மருத்துவர்கள். பழைய மக்கள்தொகைக்கே அந்தக் கணக்கைப் போட்டாலும் இந்த ஒரு மாவட்டத்துக்கு மட்டும் 120 பேருக்கு மேல் வேண்டும். இந்தியா முழுவதுமே அந்த இலக்குக்கு வெகு கீழேதான் நிற்கிறது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருபவர்களும், கார்த்திகை தீபத்துக்குக் குவியும் லட்சக்கணக்கானவர்களும் இந்தக் கணக்கில் இல்லை. அன்றைக்கு நெஞ்சுவலியோ எலும்பு முறிவோ வந்தால் அவர்களும் இதே மருத்துவமனைகளுக்குத்தான் வந்தாக வேண்டும்.

தேவையை ஏற்றுவதில் பெரிய பங்கு சிசேரியனுக்கு. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனைகளில் நடக்கின்றன, 44.9 சதவீதம் சிசேரியன். நாடு தழுவிய சராசரி 21.5 சதவீதம்தான். இவ்வளவு சிசேரியன் தேவையா என்பது தனியாகச் சண்டை போட வேண்டிய விஷயம். ஆனால் நடக்கிற ஒவ்வொன்றுக்கும் மயக்க மருந்து கொடுக்கத் தெரிந்த ஒருவர் அந்த அறைக்குள் இருந்தாக வேண்டும். 2018-20ல் தமிழ்நாட்டின் தாய் இறப்பு விகிதம் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு 54, இந்தியாவுக்கு 97. இந்த இடைவெளிக்குப் பின்னால் 24 மணி நேரமும் அறுவை சிகிச்சை செய்யக்கூடிய 'சீமாங்க்' மையங்கள் இருக்கின்றன. அந்த மையத்தில் மகப்பேறு மருத்துவர் இருந்து, ரத்தம் இருந்து, மயக்கவியல் மருத்துவர் மட்டும் இல்லாவிட்டால் கதவு பாதி மூடியது மாதிரிதான். நள்ளிரவு 2 மணிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

ஊசி போடுறதுதானே?

"முதுகுல ஒரு ஊசி. அதுக்கு எதுக்கு தனியா ஒரு டாக்டர்?" என்று கேட்கும் உறவினர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெளியில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

சிசேரியனுக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படுவது முதுகுத்தண்டில் போடும் ஊசி. தாய் விழித்திருப்பார், இடுப்புக்குக் கீழே உணர்வு இருக்காது. ஊசி போட ஆகும் நேரம் சில நிமிடங்கள். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். இறங்கினால் தாய்க்குத் தலைசுற்றலும் வாந்தியும். குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும். மருந்து எதிர்பார்த்ததைவிட மேலே ஏறினால் மூச்சுவிடும் தசைகளே பலவீனமாகலாம். ஊசி சரியாக வேலை செய்யாமல் போனால் முழு மயக்கத்துக்கு மாற வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணிக்குத் தொண்டைப் பகுதி வீங்கியிருக்கும், வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் அதிகம். மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவது அப்போது மற்றவர்களுக்குப் போடுவதைவிடக் கடினம். ஆக்சிஜன் இல்லாமல் மூளை தாக்குப்பிடிப்பது சில நிமிடங்கள் மட்டும்.

ரத்த அழுத்தம் இறங்குவதைத் தவிர, பெரும்பாலான கேஸ்களில் இவற்றில் ஆபத்தானது எதுவும் நடக்காது. அதனால்தான் வேலை சுலபமாகத் தெரிகிறது. மீதிச் சில கேஸ்களுக்காகத்தான் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் மூன்று ஆண்டு எம்.டி. படிப்பு. நர்ஸா டாக்டரா என்ற விவாதமும் உண்மையில் அந்தச் சில கேஸ்களைப் பற்றியதுதான்.

அமெரிக்காவில் நர்ஸ் எப்படி வந்தார்?

நர்ஸ்கள் டாக்டர்களின் வேலையைப் புதிதாகப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பது போல இங்கே பேசப்படுகிறது. வரலாறு ஏறக்குறைய தலைகீழ். அமெரிக்காவில் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்தே மயக்க மருந்து கொடுத்தவர்களில் பெரும் பங்கு நர்ஸ்கள். மேயோ மருத்துவமனையில் பணியாற்றிய ஆலிஸ் மகாவ் என்ற நர்ஸ், மயக்க மருந்தால் ஒரு மரணம்கூட இல்லாமல் 14 ஆயிரம் அறுவை சிகிச்சைகளை முடித்ததாக 1906-ல் பதிவு செய்தார். டாக்டர்கள் இதைத் தனிச் சிறப்புத் துறையாக வளர்த்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். நர்ஸ் மயக்க மருந்து கொடுப்பது சட்டவிரோதம் என்று தொடரப்பட்ட வழக்கில், 1936-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் நர்ஸ் டாக்மர் நெல்சன் பக்கம் தீர்ப்பளித்தது.

பிரிட்டனில் கதை வேறு. 1853-ல் விக்டோரியா ராணிக்குப் பிரசவத்தில் குளோரோஃபார்ம் கொடுத்த ஜான் ஸ்னோ ஒரு மருத்துவர். அங்கே தொடக்கத்தில் இருந்தே அது டாக்டர் வேலை. இந்தியாவுக்கு வந்தது பிரிட்டிஷ் வழி. அமெரிக்கச் சண்டையை அப்படியே இங்கே பொருத்திப் பார்ப்பதில் இருக்கும் முதல் பிசகு இதுதான்.

இன்று அமெரிக்காவில் இப்படிச் சான்றளிக்கப்பட்ட நர்ஸ்கள் 45 ஆயிரத்துக்கு மேல். 'சி.ஆர்.என்.ஏ.' என்று சுருக்கிச் சொல்வார்கள். இவர்களை டாக்டர் மேற்பார்வையிட வேண்டும் என்ற மெடிக்கேர் நிபந்தனையில் இருந்து மாநிலங்கள் விலகிக்கொள்ளலாம் என 2001-ல் விதி வந்தது. முதலில் விலகியது அயோவா. அதன்பின் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் விலகிவிட்டன. 2021-ல் இவர்களின் சங்கம் தன் பெயரிலேயே 'அனஸ்தீசியாலஜி' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டபோது டாக்டர்கள் சங்கம் கொதித்தது. பெயர்ச் சண்டைதானே என்று தோன்றலாம். நோயாளிக்கு யார் டாக்டர், யார் நர்ஸ் என்பது குழம்பிவிடும் என்பது டாக்டர்களின் வாதம்.

சரி, நர்ஸ் தனியாகக் கொடுத்தால் ஆபத்து அதிகமா? பென்சில்வேனியா மெடிக்கேர் நோயாளிகளை வைத்து 2000-ல் வெளியான ஓர் ஆய்வு, மயக்கவியல் மருத்துவர் வழிநடத்தாத கேஸ்களில் ஆயிரத்துக்கு 2.5 மரணங்கள் கூடுதல் என்றது. 2010-ல் வெளியான இன்னோர் ஆய்வு, மேற்பார்வை இல்லாத மாநிலங்களில் பாதிப்பு கூடவில்லை என்றது. இரண்டாவது ஆய்வுக்குப் பணம் கொடுத்தது நர்ஸ்கள் சங்கம் என்பதை டாக்டர்கள் சொல்லிக்காட்டத் தவறுவதில்லை. 2014-ல் காக்ரேன் அமைப்பு கிடைத்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டு, உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று முடித்தது. ஆக, வாட்ஸ்அப்பில் எந்தப் பக்கம் அடித்துப் பேசினாலும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

கலந்தாய்வுக்குத் தயாராகும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய அமெரிக்க அனுபவம் இன்னொன்று உண்டு. 1990-களின் நடுவில் அங்கே இதே பயம் கிளம்பியது. காப்பீட்டு நிறுவனங்கள் செலவைக் குறைக்கின்றன, நர்ஸ்கள் இருக்கிறார்கள், இனி மயக்கவியல் டாக்டருக்கு வேலை கிடைக்காது என்று பத்திரிகைகள் எழுதின. அமெரிக்க மருத்துவ மாணவர்கள் அந்தத் துறையைத் தேர்வு செய்வது சடசடவெனச் சரிந்தது. சில ஆண்டுகளில் என்ன ஆனது? அறுவை சிகிச்சைகள் கூடின, ஆள் பற்றாக்குறை வந்தது, சம்பளம் ஏறியது. பயந்து விலகியவர்கள் விலகியதுதான் மிச்சம். இன்றும் அங்கே நர்ஸ்களின் சராசரி ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலருக்கு மேல், மயக்கவியல் டாக்டர்களுடையது 3 லட்சம் டாலருக்கு மேல். ஒரு டாக்டர் ஒரே நேரத்தில் நான்கு அறைகள் வரை நர்ஸ்களை வழிநடத்துவது அங்கே சாதாரணம். வேலை ஒழியவில்லை, வேலையின் உருவம் மாறியது.

இயந்திரம் வந்து பிடுங்கிவிடும் என்ற பயத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. குடல் உள்நோக்கிப் பரிசோதனைகளுக்கு லேசான மயக்கம் கொடுக்கும் 'செடாசிஸ்' என்ற கருவிக்கு 2013-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விற்பனை சரியில்லை என்று 2016-ல் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனமே அதைக் கைவிட்டது.

பிரிட்டன் பின்வாங்கியது ஏன்?

டாக்டர் இல்லாதவர்களுக்கு மயக்கவியல் பயிற்சி கொடுக்கும் முயற்சியை பிரிட்டன் 2004 வாக்கில் தொடங்கியது. 'அனஸ்தீசியா அசோசியேட்' என்ற பெயரில் அவர்கள் எண்ணிக்கையைப் பெருக்கத் திட்டமிட்டபோது, 2023 அக்டோபரில் ராயல் மயக்கவியல் கல்லூரியின் உறுப்பினர்கள் சிறப்புக் கூட்டம் கூட்டி, இந்தச் சேர்க்கையை நிறுத்திவைக்கச் சொல்லி வாக்களித்தார்கள். 2024 டிசம்பரில் இவர்கள் முறைப்படி ஒழுங்குமுறைக்குள் வந்தார்கள். 2025 ஜூலையில் வெளியான லெங் அறிக்கை, 'அசோசியேட்' என்ற பெயர் நோயாளிகளைக் குழப்புகிறது, 'உதவியாளர்' என்றே மாற்றுங்கள் என்றது.

பிரிட்டிஷ் இளம் டாக்டர்களின் கோபத்துக்குக் காரணம் எளிது. அவர்களுக்கே முதுநிலைப் பயிற்சி இடங்கள் போதவில்லை. அந்த இடங்களைக் கூட்டாமல், குறுக்கு வழியில் வேறொரு பிரிவை வளர்க்கிறார்களே என்பதுதான் அவர்கள் கேட்டது. இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்கு அமெரிக்கக் கதையைவிட நெருக்கமானது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் சுயமாக மயக்க மருந்து கொடுக்க உரிமம் பெற்ற 'நர்ஸ் அனஸ்தடிஸ்ட்' என்ற பிரிவே இல்லை. மிஷன் மருத்துவமனைகள் சிலவற்றில், டாக்டர் கிடைக்காத காலத்தில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் அந்த வேலையைச் செய்தது உண்டு. அது சட்ட அங்கீகாரம் உள்ள பதவியாக வளரவில்லை.

இதற்கு நெருக்கமாக வந்தவை மூன்று. இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த, தீவிர சிகிச்சைக்கான 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு ஒன்று. இதில் படிப்பவர்களின் இடம் ஐ.சி.யூ.; அறுவை அரங்கில் சுயமாக மயக்கம் கொடுக்கும் அதிகாரம் இதில் இல்லை. இரண்டாவது, 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-வது பிரிவு. எம்.பி.பி.எஸ். இல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்கு வரையறுக்கப்பட்ட உரிமம் கொடுக்க அது வழி செய்கிறது. நாடு முழுக்க டாக்டர்கள் தெருவுக்கு வந்தது இந்தப் பிரிவுக்கு எதிராகவும்தான். ஆனால் அந்தப் பிரிவும் முதன்மை மற்றும் தடுப்பு மருத்துவத்துக்கு மட்டுமே சுயமாகச் செயல்பட அனுமதிக்கிறது. அதைத் தாண்டினால் டாக்டரின் மேற்பார்வை வேண்டும். மூன்றாவது, 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். அனஸ்தீசியா உதவியாளர், டெக்னாலஜிஸ்ட் ஆகியோர் முதல்முறையாக ஒரு மத்தியச் சட்டத்தின் அட்டவணையில் பெயரோடு இடம்பிடித்தது இதில்தான்.

டாக்டர்களின் சந்தேகம் காரணமில்லாதது என்று சொல்லிவிட முடியாது. 2020 நவம்பரில் ஆயுர்வேத முதுநிலை மருத்துவர்களுக்கு 58 வகை அறுவை சிகிச்சைகள் அனுமதிக்கப்பட்டபோது, 'சரி, மயக்கம் யார் கொடுப்பது?' என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. ஆள் பற்றாக்குறையை அறிவிப்புகளால் நிரப்பும் பழக்கம் டெல்லிக்கு உண்டு.

18 வாரப் பயிற்சி என்ன கற்றுக்கொடுத்தது?

இந்தியா நர்ஸ் பக்கம் போகாமல் வேறொரு குறுக்கு வழியை ஏற்கெனவே முயன்றிருக்கிறது. எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்த அரசு டாக்டர்களுக்கு 18 வாரம் பயிற்சி கொடுத்து, அவசரப் பிரசவ அறுவை சிகிச்சைக்கு மட்டும் மயக்க மருந்து கொடுக்க வைக்கும் திட்டம் அது. 'உயிர்காக்கும் மயக்கவியல் திறன்' பயிற்சி என்று பெயர். தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் வழியாக மாநிலங்களுக்குப் பரவியது. தமிழ்நாட்டிலும் இப்படிப் பயிற்சி பெற்றவர்கள் உண்டு. கூடவே, தனியார் மயக்கவியல் மருத்துவர்களை ஒரு கேஸுக்கு இவ்வளவு என்று கொடுத்து அரசு மையத்துக்கு வரவழைக்கும் ஏற்பாடும் இங்கே நடந்தது.

பலன் கலவையானது. பல மாநிலங்களில் பயிற்சி முடித்தவர்களில் ஒரு பகுதியினர் ஊருக்குத் திரும்பிய பின் அந்த வேலையைச் செய்யவே இல்லை. பயிற்சி பெற்ற மருத்துவமனையில் தோளுக்குப் பின்னால் பேராசிரியர் நின்றார். தாலுகா மருத்துவமனையில் அவர் தனி ஆள். ஒரு கேஸ் தப்பினால் உறவினர்கள், போலீஸ், விசாரணை எல்லாம் அவர் தலையில். எங்கெல்லாம் பக்கத்திலேயே மூத்த மயக்கவியல் மருத்துவர், சரியான மானிட்டர், ரத்தம் எல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் இந்தக் குறுகிய பயிற்சி உயிர்களைக் காப்பாற்றியது.

நர்ஸ்களுக்குப் பொறுப்பைக் கூட்டலாம் என்று பேசுபவர்கள் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் மயக்கவியல் கூட்டமைப்பும் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட தர வரையறை, முடிந்த இடங்களில் எல்லாம் மயக்கவியல் மருத்துவர் கொடுப்பதாகவோ, வழிநடத்துவதாகவோ, மேற்பார்வையிடுவதாகவோ இருக்க வேண்டும் என்கிறது. மேற்பார்வையிட ஆளே இல்லாத ஊரில் மேற்பார்வை என்ற சொல்லுக்கு என்ன பொருள்? அமெரிக்காவில் நர்ஸ்கள் தனியாக இயங்கும் பல இடங்கள் கிராமப்புறங்கள்தான். ஆனால் அந்த நர்ஸ் ஐ.சி.யூ. அனுபவத்துக்குப் பிறகு மூன்று ஆண்டுகள் இதற்கென்றே படித்தவர். இப்போது புதிதாக வருபவர்களுக்கு அங்கே முனைவர் நிலைப் பட்டம் கட்டாயம். 18 வாரத்தையும் அதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

அப்படியானால் இந்தத் துறையை எடுக்கலாமா?

வேலை கிடைக்குமா என்று கேட்டால், கிடைக்கும். அதில் தயங்க எதுவும் இல்லை. எந்தமாதிரி வேலை என்பதில்தான் யோசிக்க வேண்டும்.

அரசுப் பணி என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழி. அரசுப் பணியில் ஏற்கெனவே இருக்கும் டாக்டர்களுக்கு முதுநிலை இடங்களில் ஒதுக்கீடு கொடுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்க வழக்கில் தீர்ப்பளித்தது. போளூரிலோ செங்கத்திலோ பணிபுரியும் ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டர் மயக்கவியல் படித்துவிட்டு அதே மாவட்டத்துக்குத் திரும்ப வாய்ப்பிருப்பது இந்த ஒதுக்கீட்டால்தான். கலந்தாய்வில் எங்கிருந்தோ வந்து பத்திரக் காலத்தை முடித்துவிட்டுக் கிளம்புபவரைவிட இவர் தங்குவதற்கான சாத்தியம் அதிகம்.

பழைய இரண்டாண்டு 'டி.ஏ.' டிப்ளமோ இடங்கள் எம்.டி. இடங்களாக மாற்றப்பட்டுவிட்டன. தரத்துக்கு நல்லது. ஆனால் சிறு ஊர்களுக்குப் போனவர்களில் அந்த டிப்ளமோக்காரர்கள் அதிகம். அந்த ஓட்டையை அடைக்கத்தான் தேசியத் தேர்வு வாரியம் 2020-ல் மயக்கவியல் உட்பட எட்டுத் துறைகளில் இரண்டாண்டு டிப்ளமோவைப் புதிதாகத் தொடங்கியது. மருத்துவக் கல்லூரி அல்லாத பெரிய மருத்துவமனைகளிலேயே இதைப் படிக்கலாம். நர்ஸ் விவாதத்துக்குக் கிடைக்கும் சத்தத்தில் பத்தில் ஒரு பங்கு இந்தப் படிப்புக்குக் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தனியாரில் இரண்டு வகை. சென்னை, வேலூர், பெங்களூரு பெரிய மருத்துவமனைகளில் மாதச் சம்பளம். இல்லையென்றால் நகரத்துக்குள் நர்சிங் ஹோம் நர்சிங் ஹோமாகப் போகும் 'ஆன்-கால்' வாழ்க்கை. காலையில் ஆரணியில் ஒரு சிசேரியன், மதியம் திருவண்ணாமலையில் ஒரு எலும்பு ஆபரேஷன், ராத்திரி மறுபடி போன். வருமானம் வரும். ஆனால் பணம் சர்ஜன் கையில் இருந்து வருவதால் பேரம் பேசும் பலம் குறைவு. மானிட்டர் சரியில்லை, இந்தக் கேஸை இங்கே எடுக்க வேண்டாம் என்று மறுத்துப் பேசினால் அடுத்த முறை வேறு ஒருவருக்குப் போன் போகும் என்ற தயக்கம் இந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது. இளம் மயக்கவியல் மருத்துவரின் வருமானத்தையும் மனநிம்மதியையும் இன்றைக்குத் தின்பது இதுதான்; அமெரிக்க நர்ஸ் இதில் எங்கேயும் இல்லை.

துறையின் எல்லையும் அறுவை அரங்கைத் தாண்டிவிட்டது. கொரோனா காலத்தில் ஐ.சி.யூ.க்களையும் வென்டிலேட்டர்களையும் நடத்தியவர்களில் பெரும் பகுதி இவர்கள். தீவிர சிகிச்சை, இதய மயக்கவியல், நரம்பியல் மயக்கவியல் ஆகியவற்றில் டி.எம். படிப்புகள் உண்டு. வலி மேலாண்மை, புற்றுநோயாளிகளுக்கான வலி நிவாரணச் சிகிச்சை ஆகியவை மாவட்ட அளவில் ஏறக்குறைய காலி மைதானம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்தின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கொடுக்கிறது. அந்த 48 மணி நேரத்தில் மூச்சுக்குழாயில் டியூப் போடுவதும், அவசர அறுவை சிகிச்சைக்கு ஆளைத் தயார் செய்வதும் இவர்கள் வேலை. பெங்களூரு சாலையும் வேலூர் சாலையும் குறுக்கிடும் ஊரில் அதற்கு ஓய்வே இல்லை.

செவிலியர் பக்கம் இருந்து பார்த்தால்

இந்த விவாதத்தில் யாரும் கேட்காதது செவிலியர்களின் கணக்கு. தமிழ்நாட்டில் 2015 தேர்வு வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு வந்த செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் தொடங்கினார்கள். அது 18 ஆயிரம் ரூபாய் வரை உயர்ந்தது. பணிநிரந்தரம் கேட்டு இன்னமும் போராட்டம் நடக்கிறது. இரவுப் பணியில் ஒரு வார்டுக்கே ஓரிருவர் நிற்கும் இடத்தில், 'உங்களுக்கு மயக்க மருந்துப் பொறுப்பும் தருகிறோம்' என்பது கௌரவமா, கூடுதல் சுமையா? ஊதியமும் சட்டப் பாதுகாப்பும் இல்லாமல் பொறுப்பை மட்டும் நகர்த்தினால், தவறு நடக்கும் நாளில் கைகாட்டப்படுபவர் அவராக இருப்பார். டாக்டர்கள் சங்கமும் செவிலியர் சங்கமும் ஒரே பக்கம் நிற்க வேண்டிய இடம் இது. நின்றதாகத் தெரியவில்லை.

அமெரிக்காவுக்குப் போய் அந்த வேலையைச் செய்யலாமா என்று கேட்கும் செவிலியர்களும் உண்டு. நேரடியாக முடியாது. பி.எஸ்சி. நர்சிங், அங்கே பதிவு பெறுவதற்கான என்கிளெக்ஸ் தேர்வு, ஐ.சி.யூ. அனுபவம், பிறகு அங்கேயே முனைவர் நிலைப் படிப்பு. நீண்ட, செலவு பிடிக்கும் வழி. 'மூன்று மாதக் கோர்ஸ், வெளிநாட்டில் அனஸ்தீசியா வேலை' என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் அது பொய்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இருப்பது 'ஆபரேஷன் தியேட்டர் அண்ட் அனஸ்தீசியா டெக்னாலஜி' பி.எஸ்சி. படிப்பு. இயந்திரத்தைச் சரிபார்ப்பது, மருந்துகளையும் டியூப்களையும் எடுத்து வைப்பது, டாக்டருக்குப் பக்கத்தில் நிற்பது இவர்கள் பணி. நல்ல டெக்னீசியன் ஒருவர் இருந்தால் டாக்டரின் பாதிப் பதற்றம் குறையும். சேரும் முன் அந்தக் கல்லூரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பைப் பெற்றிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். தெருவுக்கு ஒரு 'பாராமெடிக்கல்' போர்டு தொங்கும் ஊர்களில் இதைப் பார்க்காமல் பணத்தைக் கட்டிவிட்டு அலையும் குடும்பங்கள் இருக்கின்றன. 2021 சட்டத்தின்படி மாநிலக் கவுன்சில்களின் பதிவு முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, டெக்னீசியன் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்ற கோடு இன்னும் தெளிவாகும். இந்தியாவில் மயக்கவியல் வேலையின் அடுத்த பங்கீடு நடக்கப்போவது அனேகமாக அங்கேதான்.

நோயாளி என்ன கேட்கலாம்?

அவசரம் இல்லாத அறுவை சிகிச்சை என்றால், முன்கூட்டியே மயக்கவியல் பரிசோதனை நடக்க வேண்டும். அப்போது மூன்று விஷயங்களைக் கேட்பதில் தவறில்லை. மயக்க மருந்து கொடுக்கப்போவது யார், அவருடைய படிப்பு என்ன? ஆபரேஷன் முடியும்வரை அவர் அறைக்குள்ளேயே இருப்பாரா, இல்லை ஊசி போட்டுவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விடுவாரா? மயக்க மருந்துக்கான தனி ஒப்புதல் படிவத்தில் அவர் பெயர் இருக்கிறதா?

சர்க்கரை, ஆஸ்துமா, இதய மாத்திரைகள், ஆடும் பல், முன்பு ஏதாவது ஊசிக்கு அலர்ஜி வந்தது என எதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பொதுவாக, லேசான உணவு சாப்பிட்டு ஆறு மணி நேரமும், தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரமும் இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் டாக்டர் சொல்லும் நேரம் மாறலாம். 'ஒரு டீ தானே' என்று குடித்துவிட்டு வந்திருந்தால், தியேட்டர் வாசலிலாவது அதைச் சொல்லிவிட வேண்டும். ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.